மழைத் தண்ணீர் வடியவில்லை, நாறுகிறது, கலங்குகிறது: முதலில் எங்கே பார்ப்பது?

அக்டோபர் பிறந்தால் என் போன் ஓயாது. சென்னையில் ஓராண்டில் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதமும் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி அதே ஐந்தாறு கேள்விகள்தான். மழைநீர் வடிகால் வேலையிலேயே காலம் தள்ளிய சிவில் இன்ஜினியர் என்பதால் போனிலேயே பதில் சொல்லிவிடுவேன். அதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கடப்பாரை எடுக்க வேண்டியது கடைசியில்.

கையில் வேண்டியவை: டார்ச், ஏழெட்டு அடி மூங்கில் கழி, ஒரு வாளி, சாக்பீஸ், கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதை வைத்து மேடு பள்ளம் பார்ப்பது). கூட ஓர் ஆள்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். மேன்ஹோலுக்குள்ளும் மூடிய வடிகாலுக்குள்ளும் நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் கூலி கொடுத்து இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாச் சோதனையையும் மேலே நின்றே செய்யலாம்.

## மழை விட்டு இரண்டு மணி நேரமாகியும் வாசலில் தண்ணீர் நிற்கிறது

உடனே மோட்டார் வாடகைக்கு எடுக்க ஓடாதீர்கள். அருகில் மின்பெட்டியோ அறுந்த வயரோ இல்லை என்று பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து, வடிகால் ஸ்லாப் இடுக்கு வழியாக டார்ச் அடியுங்கள். உள்ளே தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறது, அது ஓடுகிறதா என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

### தெருவில் தண்ணீர், வடிகாலுக்குள் காலி

நல்ல செய்தி. வடிகாலின் வாய்தான் அடைத்திருக்கிறது. சாலையோரக் கம்பி வலையின் மேல் பால் பாக்கெட் கவர், வாதாம் இலை, பூமாலை எல்லாம் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கழியால் ஓரமாகக் கிளறுங்கள். தண்ணீர் சுழி போட்டு இறங்கினால் விஷயம் முடிந்தது.

வலை சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா? அதற்கு அடியில் இருக்கும் வண்டல் தொட்டியில் கழியை விட்டுப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் மண். அள்ளிப் போட்டால் போதும். டக்கென்று தட்டினால் சிமெண்ட். மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவே வடிகால் சரியில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. போய்த் தட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டில் தரை டைல்ஸ் மாற்றியபோது கழுவிவிட்ட சிமெண்ட் பால் தொட்டிக்குள் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு ஆள், ஒரு உளி, ஒரு நாள் வேலை. கையெழுத்துத் தாளை யார் கிழித்தார்கள் என்று கேட்கவில்லை.

இரண்டும் இல்லை, எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும் மிச்சம் நிற்கிறது என்றால், வாய் உயரத்தில் இருக்கிறது, சாலை பள்ளத்தில் இருக்கிறது. டியூப் மட்டம் வைத்து வித்தியாசத்தை அளந்து, அந்த எண்ணோடு புகார் கொடுங்கள். 'தண்ணீர் தேங்குகிறது' என்று எழுதிய புகாரைவிட 'வடிகால் வாய் சாலையைவிட 5 செ.மீ. உயரம்' என்ற புகார் சீக்கிரம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

### வடிகாலும் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஓடுகிறது

சுவரில் சாக்பீஸால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போடுங்கள். கால் மணிக்கு ஒரு கோடு. கோடுகள் கீழே கீழே இறங்கினால் காத்திருங்கள். வடிகால் அதன் சக்திக்கு வேலை செய்கிறது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது, அறுபது மில்லிமீட்டர் கொட்டினால் எந்தத் தெருவிலும் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்யும்.

### நிரம்பியிருக்கிறது, அசையவே இல்லை

அடைப்பு உங்கள் தெருவில் இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் போக வேண்டிய திசையில் நடந்து, ஒவ்வொரு ஸ்லாப் இடுக்கிலும் டார்ச் அடித்துக்கொண்டே போங்கள். எந்த இரண்டு இடுக்குக்கு நடுவே மட்டம் சட்டென்று குறைகிறதோ, அந்த இடைவெளியில்தான் அடைப்பு. பாதி நேரம் அங்கே என்ன இருக்கும் தெரியுமா? வடிகாலுக்குக் குறுக்கே யாரோ விட்ட கேபிளோ குடிநீர்க் குழாயோ. அதில் ஒரு தலையணை வந்து மாட்டும், தலையணையில் குப்பை சேரும், குப்பையில் மண் சேரும்.

அந்த இரண்டு இடத்தின் கதவு எண்களையும் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். 'எங்கள் தெரு முழுக்க' என்று சொன்னால் வண்டி வந்து தெருமுனையில் நிற்கும். 'பன்னிரண்டாம் எண்ணுக்கும் பதினான்காம் எண்ணுக்கும் நடுவில்' என்றால் நேராக அங்கே வரும். ஸ்லாப்பை நீங்களே தூக்க வேண்டாம். தூக்குவதைவிடத் திரும்ப வைப்பதுதான் சிரமம், இருட்டில் திறந்து கிடந்தால் ஆள் போய்விடும்.

### நின்ற தண்ணீர் உயர்கிறது, வடிகாலில் பின்னோக்கி ஓடுகிறது

ஒரு இலையைப் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பக்கம் வந்தால், வடிகால் போய்ச் சேரும் கூவமோ அடையாறோ பக்கிங்காம் கால்வாயோ வடிகாலைவிட உயர்ந்துவிட்டது என்று பொருள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான பல இடங்களில் இதுதான் கதை. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரை நெருங்கும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் வடிகால் தலைகீழாக நின்றாலும் வடியாது. ஏறிய கடல் மட்டம் இறங்க ஆறு மணி நேரம் ஆகும்.

இங்கே உங்கள் கையில் இருப்பது மணல் மூட்டையும், வண்டியை மேட்டில் நிறுத்துவதும்தான். ஒரு அடுக்ககத்தில் 5 எச்பி மோட்டார் வாங்கி வைத்து, இரவெல்லாம் இறைத்தார்கள். ஹோஸ் பைப்பின் மறுமுனை அதே வடிகாலில் கிடந்தது. இறைத்த தண்ணீர் சுற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்ப வாசலுக்கு வந்தது. டீசல் செலவு மட்டும் திரும்பி வரவில்லை.

### தெரு காய்ந்துவிட்டது, உங்கள் வளாகத்தில் மட்டும் நிற்கிறது

கேட்டுக்கு வெளியே சாலை மட்டத்தையும் உள்ளே தரை மட்டத்தையும் டியூப் மட்டத்தால் ஒப்பிடுங்கள். பழைய வீடுகளில் சாலை அரை அடி, முக்கால் அடி மேலே போயிருக்கும். போட்ட தாருக்கு மேலேயே தார் போட்ட பலன். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது அதைக் கேளுங்கள். இப்போதைக்கு உள்ளே தரையை உயர்த்துவதா, ஒரு மூலையில் சம்ப் கட்டி இறைப்பதா என்பது இன்ஜினியரை அழைத்து முடிவெடுக்க வேண்டியது. தரையை உயர்த்தினால் மழைநீர் அப்படியே கூடத்துக்குள் வரும் வீடுகள் உண்டு.

## மழை பெய்தால் தரைத்தளக் கழிப்பறை கொப்பளிக்கிறது

இதற்கு முதல் சந்தேகம் எப்போதும் மொட்டை மாடி மேல்தான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் தரைக்குள் மறைந்தால், மழை இல்லாத நாளில் மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, வீட்டுக் கழிவுநீர் சேம்பரை (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) திறந்து, சற்று விலகி நின்று பாருங்கள். அங்கே சலசலத்தால் ஆள் அகப்பட்டான்.

கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 140 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 7,000 லிட்டர். நான்கு பேர் உள்ள குடும்பம், தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பயன்படுத்துவது 540 லிட்டர். கிட்டத்தட்ட பதின்மூன்று நாள் தண்ணீரை ஒரே மணி நேரத்தில் பாதாளச் சாக்கடைக்குள் திணிக்கிறோம். தெருவில் இருபது வீடு இப்படிச் செய்தால் மிகத் தாழ்வான வீட்டின் கழிப்பறைதான் திறப்பு. தீர்வு, குழாயைப் பிரித்து, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ திருப்புவது. பிளம்பருக்கு ஒரு நாள் வேலை.

மாடிக் குழாயில் தவறில்லை என்றால், கழிவுநீர் சேம்பரை மழை இல்லாத நாளில் திறந்து பாருங்கள். அப்போதும் நிரம்பியிருந்தால் உங்கள் வீட்டுக்கும் தெரு மேன்ஹோலுக்கும் இடையே அடைப்பு. வெயிலில் காலியாகவும் மழையில் நிரம்பியும் இருந்தால் தெருச் சாக்கடையே பொங்குகிறது. அதற்கு குடிநீர் வாரியத்தின் 1916. (பெரும்பாலும் சாலை நடுவில் வட்ட மூடி இருந்தால் பாதாளச் சாக்கடை, ஓரத்தில் நீள ஸ்லாப் இருந்தால் மழைநீர் வடிகால். மாற்றிச் சொன்னால் புகார் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும்.)

கடைசி செலவு, தெருவுக்குப் போகும் கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தெருக் கழிவை உள்ளே திரும்ப விடாத வால்வு. போட்டவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வெளியே பொங்கும்போது வால்வு மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. மாடிவீட்டுக்காரர் குளித்தால் தரைத்தளத்தில் வரும். மழை விடும்வரை வீட்டில் யாரும் தண்ணீர் விடாமல் இருக்கச் சம்மதம் வாங்கிவிட்டு வால்வு போடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அதன் நாக்கில் சிக்கிய துணி, நாப்கினை எடுத்துவிட வேண்டும்.

## வெயில் நாளிலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது

ஏப்ரல் மாதம் வடிகாலில் தண்ணீர் இருந்தால் அது மழையாக இருக்க முடியாது. எங்கிருந்து வருகிறது என்று ஆய்வகத்துக்குப் போகாமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் போய்ப் பாருங்கள். காலையில் பொங்கி, பிற்பகலில் மெலிந்தால் அது வீடுகளிலிருந்து வருவது. குளிக்கிற நேரம் பொய் சொல்லாது. ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்குங்கள். நுரை நெடுநேரம் நின்றால் துணி துவைத்த தண்ணீர்.

நாள் முழுக்க ஒரே அளவில், தெளிவாக ஓடினால் இரண்டு சந்தேகம். குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சிறு கருவி) சொட்டு மருந்து போட்டு மஞ்சளோ, டிபிடி மாத்திரை போட்டு இளஞ்சிவப்போ வந்தால் குளோரின் இருக்கிறது, எங்கோ குடிநீர்க் குழாய் கசிகிறது. உடனே 1916. அங்கே குழாய்க்குள் அழுத்தம் இல்லாத நேரத்தில் இதே வடிகால் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நிறம் வரவில்லை என்றால் ஊற்று நீராகவோ, அருகே அடித்தளம் தோண்டும் கட்டடத்திலிருந்து இறைப்பதாகவோ இருக்கும்.

எந்த வீடு என்று கண்டுபிடிக்கக் கலர் சோதனை உண்டு. கழிப்பறையில் ஃப்ளோரசீன் பச்சை ஒரு சிட்டிகை போட்டு ஃப்ளஷ் செய்துவிட்டு, வடிகாலில் ஒருவர் காத்திருப்பார். பச்சை வந்தால் இணைப்பு உறுதி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்து முயன்றவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். கழிவில் பட்டதும் அந்த ஊதா நிறம் பழுப்பாகிக் காணாமல் போய்விடும். பிறகு 'எங்கள் வீடு சுத்தம்' என்று சண்டைக்கு வருவார்கள். அடுத்தவர் வீட்டில் இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யக் கிளம்பாதீர்கள். உங்கள் அடுக்ககத்தில் செய்துவிட்டு, மற்றதை அலுவலகத்திடம் விடுங்கள். நான் போன பாதி இடங்களில் புகார் கொடுத்த கட்டடமே முதலில் பச்சை விட்டது.

## ரீசார்ஜ் குழி நிரம்பி நிற்கிறது, இறங்கவில்லை

2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் கட்டிய குழிகள் பல, கட்டிய நாளுக்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. மூடியைத் திறந்து மேலே இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் கையால் பிசையுங்கள். கை சேறானால் மேல் ஓரடியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். பத்தில் ஆறு குழி இதிலேயே உயிர்த்துவிடும் என்பது என் அனுபவம்.

கழுவியும் இறங்கவில்லையா? பக்கத்துக் கிணற்றில் எட்டிப் பாருங்கள். நவம்பர் கடைசியில் கிணற்று நீர் தரையிலிருந்து மூன்றடி ஆழத்திலேயே நிற்கிறது என்றால் குழியில் பழுதே இல்லை. கீழே இடம் இல்லை, அவ்வளவுதான். வழிந்தோடும் குழாயை மழைநீர் வடிகாலுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கிணறு ஆழத்தில், குழி மட்டும் நிற்கிறது என்றால் மண்தான் காரணம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல், ஊற்றிய தண்ணீர் கண் முன்னே மறையும். களிமண் பகுதியில் நான்கடிக் குழி வெறும் தொட்டி, களியைத் தாண்டும் ஆழத்துக்கு உறை இறக்க வேண்டும். கிண்டி, ஆதம்பாக்கம் போல் பாறை பக்கத்திலேயே இருக்கும் இடங்களில் என்ன செய்வது என்பதை மண் பார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். எங்கேயும் செய்யக் கூடாத ஒன்று: வண்டி நிறுத்தும் தரையின் எண்ணெய்த் தண்ணீரை வடிகட்டாமல் போர்வெல்லுக்குள் விடுவது. போன தண்ணீரைத் திரும்ப எடுக்க வழியில்லை.

## மழைக்குப் பிறகு கிணற்று நீர் நிறம் மாறுகிறது, வாடை வருகிறது

இதில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், குடிக்கிற, பல் தேய்க்கிற தண்ணீர்.

வெறும் கலங்கல், வாடை இல்லை. மாடியின் முதல் மழைத் தண்ணீர் தூசியோடு உள்ளே போயிருக்கும். முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையை வெளியே விடும் வால்வு திறக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

வாடை, மேலே படலம், லேசான மஞ்சள். கழிவுநீர் சந்தேகம். கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொது சுகாதாரப் பாடம். முப்பதடி மனையில் அது எங்கே சாத்தியம்? அதனால் குழாய் இணைப்புதான் நம் காவல். பழைய மண் குழாய்களின் இணைப்பில் வேப்ப வேர் புகுந்திருக்கும். மழையில் நிலத்தடி நீர் ஏறி, கசிந்த கழிவைக் கிணற்றுப் பக்கம் தள்ளும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். ஒரு வீட்டில் 1,800 காட்டிய கிணறு மழைக்குப் பின் 700க்கு இறங்கியது. வீட்டம்மா சந்தோஷத்தில் பாயசமே வைத்துவிட்டார். அந்தத் தண்ணீரை எச்2எஸ் சோதனைக் குப்பியில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை குப்பி மை போலக் கறுத்திருந்தது, மலக்கிருமி இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. மீட்டர் அளப்பது கரைந்த உப்பை. கிருமியை அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குப்பி கறுத்தால் குடிப்பதை நிறுத்துங்கள். முதலில் கசிவை அடையுங்கள்: கிணற்றுக்கு அருகில் உள்ள சேம்பரின் வெளியேறும் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைவிட்டு இறங்கினால் அந்த சேம்பர் ஒழுகுகிறது, உட்புறம் பூச வேண்டும். இறங்காவிட்டால் குழாய். குழாயைத் தோண்டி மாற்றுவதற்கு முன் கேமரா விட்டுப் பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள், முற்றத்தை முழுதாக உடைப்பதைவிட அது மலிவு.

கசிவை அடைத்து, கிணற்றை இறைத்துத் தெளிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். கலங்கலில் போட்டால் வீண். 5 அடி விட்டக் கிணற்றில் 12 அடி தண்ணீர் என்றால் சுமார் 6,700 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 17 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. பழைய பாக்கெட்டில் காரம் போயிருக்கும், அதனால் கணக்கைவிடக் குளோரோஸ்கோப்பையே நம்புங்கள்.

இரண்டு முறை குளோரின் போட்டும் ஒரு வாரத்தில் குப்பி மறுபடி கறுத்தால் உங்கள் எல்லைக்கு வெளியிலிருந்து கழிவு வருகிறது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. முறையாகச் சோதித்து, அந்த அறிக்கையோடு புகார் கொடுங்கள்.

தரையடிச் சம்ப்புக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. யோசிக்க ஒன்றுமில்லை. முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு நிரப்புங்கள். மூடியின் விளிம்பு தரையைவிட ஓரடியாவது உயரமாக இல்லையென்றால் அடுத்த மழையிலும் இதே வேலை.

## வடிகால் ஓரம் தரை அமுங்குகிறது

இதில் நீங்கள் செய்யும் சோதனை எதுவும் கிடையாது. ஸ்லாப் ஓரத்தில் மண் உள்வாங்கியிருந்தாலோ, நடக்கும்போது 'தொம்' என்று வெற்றுச் சத்தம் கேட்டாலோ, அடியில் மண் வடிகாலுக்குள் அரித்துப் போய்விட்டது. பழைய நாற்காலி, மரக்கிளை, எது கிடைக்கிறதோ அதை நிறுத்தி வழியை மறித்துவிட்டு 1913ஐக் கூப்பிடுங்கள். இரவென்றால் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியும் கட்டிவையுங்கள். அவர்கள் வரும்வரை காரை அந்தப் பக்கம் நிறுத்த வேண்டாம்.